ஆதன் நறுக்கிய கணு

ஆற்றுக்கு யாரும் பெயர் வைக்காத காலத்தில், இனிப்பென்றால் உயிரை விடும் ராஜா ஒருவர் இருந்தார். சிரிக்காதீர்கள், நாக்கு எல்லோருக்கும் உண்டு! அவர் தூர தேசத்திலிருந்து கரும்பு வரவழைத்து, அதில் ஒரு கட்டு எடுத்து, நடச்சொல்லி ஆற்றங்கரைக் குடியானவன் ஆதனிடம் கொடுத்தார்.

"ஆடி முடியும்போது வருவேன். முளைத்திருந்தால் இந்தக் கரை உன் பரம்பரைக்கே. முளைக்காவிட்டால் கரையைக் காலி செய்துவிடு" என்றார்.

ஆதன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு எதுவும் வழவழவென்று இருக்க வேண்டும். வாசலில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தால் சோறு இறங்காது. அவன் பெண்டாட்டி சேந்தியோ நாற்று நட்டு நட்டு விரல் கணுவெல்லாம் புடைத்துப் போனவள். "ராஜா வரும்போது நீ உள்ளேயே இரு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான் மகராசன். அன்று சோற்றில் உப்பு இல்லை.

கரும்புக் கட்டைப் பிரித்தான். சாணுக்குச் சாண் முண்டு முண்டாகக் கணு. "சீச்சீ, இதையா ராஜா கண்ணில் காட்டுவது?" என்று கணுவையெல்லாம் நறுக்கி ஒதுக்கினான். வழவழப்பான துண்டுகளை மட்டும் வரிசை பிசகாமல் நட்டான். ஒதுக்கியதைச் சேந்தி அள்ளிக்கொண்டு போனாள்.

ஒரு முறை போய்ப் பார்த்தான், ஈ மொய்த்தது. மறுமுறை பார்த்தான், எறும்பு மொய்த்தது. மூன்றாம் முறை தோண்டியே பார்த்தான், துண்டெல்லாம் அழுகிப் புளித்த நாற்றம் அடித்தது. ஆடியோ முடியப் போகிறது. பிறந்து வளர்ந்த கரை போய்விடுமே! ஐயோ பாவம், ஆற்றோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அழுதபடியே கையில் கிடைத்ததையெல்லாம் உருவினான். கோரையை உருவினான், மூன்று பட்டைத் தண்டில் விரல் வழுக்கிக்கொண்டு நுனிவரை போனது. நாணலை உருவினான்; நடுவில் விரல் தட்டியது. மூங்கிலைத் தடவினான், அங்கும் தட்டியது. அருகம்புல்லை இழுத்தான், வருவேனா என்றது. குனிந்து பார்த்தால், விரல் தட்டுகிற இடத்திலெல்லாம் வேர், தட்டுகிற இடத்திலெல்லாம் குருத்து! அட, கணு வைத்த இதெல்லாம் கரும்புக்கு உறவுக்காரர்கள் அல்லவா?

"அடியே சேந்தி! அந்தக் கணுவையெல்லாம் எங்கே கொட்டினாய்?" என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினான்.

"முண்டா இருக்கிறது ராஜா கண்ணில் படக்கூடாதுன்னீங்களே. அதான் கொல்லைப்புறம் கொட்டினேன்" என்றாள் அவள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் ஈர மண்ணில், கணுவுக்குக் கணு பச்சைப் பசேலென்று முளை நின்றது. ஆதன் முளையைப் பார்த்தான். அவள் விரலைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. சேந்தி முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு முளையும் ஒடியாமல் வயலுக்கு மாற்றி நட்டாள்.

ராஜா வந்தார். வயலைப் பார்த்து, "ஆகா, இது யார் கைராசி?" என்றார்.

ஆதன் உள்ளே ஓடி, சேந்தியை இழுத்து வந்து, புடைத்த விரல்களை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான். "இந்தக் கைதானுங்க, ராஜா!"

கரை அவர்களுக்கே நின்றது. அன்று சோற்றில் உப்பும் சரியாக இருந்தது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: கண்ணுக்கு முண்டாகத் தெரிவதை ஒதுக்கித் தள்ளும் முன், அது என்ன வேலை செய்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.