மூன்றாவது நகர்த்தல்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஆண்டனி மச்சாதுக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் தஸ்லீமாவுக்கு இருபத்தேழு. சதுரங்க மன்றத்தில் மற்றவர்களைப் போல அவரும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஆறு மாதமாக ஒரே ஓப்பனிங்கை, ஆட்டத்தைத் தொடங்கும் ஒரே வரிசையை, படித்தார் மச்சாது. பதினைந்து நகர்த்தல்வரை நோட்டில் எழுதி, கிரேனில் உட்கார்ந்தும் முணுமுணுத்தார்.

மன்றங்களுக்கு இடையிலான போட்டியின் அரையிறுதியில் எதிரணி கோவில்பட்டி. மச்சாதுக்கு எதிரே லாரி மெக்கானிக் பூல்பாண்டி. முதல் இரண்டு நகர்த்தலும் நோட்டில் உள்ளபடியே வந்தன. மூன்றாவதில் பூல்பாண்டி ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

அது நோட்டில் இல்லை.

மச்சாதுக்குச் சந்தேகம். இதில் என்ன கண்ணி? கண்ணை மூடி, மனசுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எழுந்தார். தண்ணீர் குடித்தார். உட்கார்ந்து மறுபடி எழுந்தார். நாற்பது நிமிடம் போயிற்று.

அதன்பிறகு எல்லாமே அவசரம். மற்ற மூன்று பலகைகளும் சமமாக முடிந்து, இரண்டு அணியும் அவரைச் சுற்றி நிற்க, அவருடைய கடிகாரத்தில் நேரம் தீர்ந்து, அவர் தோற்றார். மன்றம் போட்டியிலிருந்து வெளியேறியது.

படிக்கட்டில் தஸ்லீமாவை நிறுத்தினார்.

"அந்த மூவுக்குப் பதில் என்ன டீச்சர்? எந்தப் புஸ்தகத்துல இருக்கு? சொல்லுங்க, இன்னைக்கே படிச்சிருதேன்."

"வாங்க, கேப்போம்."

கீழே பூல்பாண்டி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மூணாவது மூவு என்ன யோசிச்சு வச்சீங்க?" என்று கேட்டாள் தஸ்லீமா.

பூல்பாண்டி கூச்சத்தோடு சிரித்தார். "யோசிக்கவா? மந்திரியை எடுக்கப் போனேன். கை தவறிப் பக்கத்துச் சிப்பாயை எடுத்துட்டேன். தொட்ட காயைத்தானே நகர்த்தணும்? எனக்கு உசுரே போயிட்டு."

மச்சாது தெருவுக்கு வந்துவிட்டார். கொஞ்ச தூரம் வேகமாக நடந்தார். திரும்பி வந்தார்.

"அப்போ, அதுக்கு மேல என்ன ஆடணும்னு அவருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"நான் ஆறு மாசம் படிச்சேன் டீச்சர். பிறகு அவரு எப்படி ஜெயிச்சாரு?"

"அவரு பலகையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு, அண்ணாச்சி."