மூழ்கிய படகுக்கு நாற்பது பொன்

நாட்டின் பெயரும் அரசரின் பெயரும் கேட்டவர் நினைவிலிருந்து நழுவிப்போன ஒரு காலத்தில், ஆவணித் திங்கள் ஏழாம் நாள் காலை. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, கடற்காற்று ஈரமாக வீசிக்கொண்டிருந்தது. அக்காற்று அரண்மனைக்குள் நுழைந்ததும், மறைந்த தம் தந்தையின் படகு அரசருக்கு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடக்கும் அப்படகில் ஏறி, முகத்துவாரத்திற்கு அப்பாலுள்ள தீவுக்குச் செல்ல வேண்டும் என்று அவர் ஆசை கொண்டார்.

ஆசைக்குக் குறுக்கே ஒரு சட்டம் நின்றது. அத்துறைமுகத்திலிருந்து வெளியேறும் எந்தப் படகும் கடல் வணிகர் குழுவிடம் காப்போலை பெற்றாக வேண்டும். உரியவர் ஒரு தொகையைக் குறிப்பிட்டு, அதில் நூற்றில் ஒரு பங்கைக் கட்டணமாகச் செலுத்துவார். படகைக் கடல் கொண்டுபோனால் குழு முழுத் தொகையையும் அவருக்கு அளிக்கும். அரசரும் இதற்கு விலக்கல்லர். சட்டத்தை இயற்றியவரே அவருடைய தந்தைதான்.

“எவ்வளவுக்குக் காப்பு எழுதலாம்?” என்று அவையில் அரசர் வினவினார்.

அமைச்சர் விழுப்பரையர் முந்திக்கொண்டார். “தங்கள் தந்தையார் அமர்ந்த படகு, அரசே. பத்தாயிரம் பொன்னுக்குக் குறைத்து எழுதினால் அவருக்கே இழுக்கு.”

“அந்தப் பொன்னுக்குத் துறைமுகத்தையே வாங்கிவிடலாமே, அமைச்சரே. படகு கொசுறாகக் கிடைக்கும்” என்றான் அரசவை விகடன் நல்லாண்டான். அவனுடைய தந்தை அப்படகில் சுக்கான் பிடித்தவர்.

விழுப்பரையர் இதற்காகவே காத்திருந்தார். “அப்படியானால் சரியான தொகையை விகடரே சொல்லட்டும். பிழைபட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்.”

அரசர் சற்று யோசித்தார். “நல்லாண்டா, அப்படகு மூழ்கினால் நான் இழப்பது என்ன என்று அளந்து சொல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூன்று நாள் தவணை. தவறினால் அடுத்த கப்பலில் நீ ஏற வேண்டியதுதான்.”

நல்லாண்டானுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. இந்தத் துறையின் உப்புக்காற்று வீசாத ஊரில் எப்படி உறங்குவது என்று எண்ணியபடியே கொட்டகைக்குச் சென்றான். படகின் பலகைகள் காய்ந்து சுருங்கியிருந்தன. இடைவெளிகளில் விரல் நுழைந்தது. முன்பலகையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கரிவடு இருந்தது. சுக்கானைத் தொட்டான். தந்தையின் பிடி பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தில் அவனுடைய கை தானாகப் பொருந்தியது. பிறகு படகோட்டிகளைக் கூப்பிட்டான்.

மூன்றாம் நாள் காலை, விழுப்பரையர் அரசரை உப்பங்கழிக் கரைக்கு ஏறத்தாழ இழுத்துக்கொண்டே வந்தார்.

“பாருங்கள், அரசே. அந்த மகாபாவி செய்ததைப் பாருங்கள்.”

நீருக்கு மேல் பாய்மரத்தின் நுனி மட்டுமே தெரிந்தது. அதன்மீது ஒரு கடற்காகம் அமர்ந்திருந்தது. கரையில் படகோட்டிகள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தனர். வணிகர் குழுத் தலைவர் சாத்துவனார் மீசையைத் தடவிக்கொண்டார். கடலே காணாத மேட்டு நாட்டில் பிறந்த விழுப்பரையர், அவர்களுடைய அமைதியைக் கவனிக்கவில்லை.

“படகை மூழ்கடித்தாயா?” என்று கேட்டார் அரசர்.

“மூழ்கினால் என்ன இழப்பு என்று அளக்கச் சொன்னீர்கள், வேந்தே. மூழ்காமல் எப்படி அளப்பது? அளவையைத் தொடங்கலாம். அமைச்சர் சொன்ன பத்தாயிரம் பொன்னை இப்பொழுதே தங்கள் முன் கொட்டச் சொல்கிறேன். இழப்பு தீர்ந்துவிடுமா?”

“பொன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?” என்றார் அரசர். “அந்த முன்பலகையில் அடுப்பு வைத்துத் தந்தையே எனக்கு மீன் சுட்டுத் தருவார். ஒருநாள் பேச்சு வாக்கில் மறந்துவிட்டார். மீனும் கருகியது, பலகையும் கருகியது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அரண்மனையில் அவரை நான் அரசே என்றுதான் அழைத்தேன். அப்பா என்று அழைத்தது அந்தப் படகில் மட்டும். எனக்கு அந்தக் கரிவடு வேண்டும், நல்லாண்டா.”

நல்லாண்டான் கை காட்டினான். கடலோதம் இறங்கி, கழியில் நீர் வற்றத் தொடங்கியிருந்தது. படகோட்டிகள் இறங்கிப் படகிலிருந்த கற்களை அகற்றி, நான்கு முளைகளில் கட்டியிருந்த கயிறுகளை இழுத்தனர். படகு கருமையாக, பளபளப்பாக மேலே வந்தது. கரிவடு அழியாமல் இருந்தது.

“காய்ஞ்ச படகை மூணு நாள் தண்ணியில அமுக்கி வெக்கிறது எங்க வழக்கமுங்க, சாமி” என்றார் மூத்த படகோட்டி. “பலகை ஊறி ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். அப்படியே இறக்கியிருந்தா முகத்துவாரம் தாண்டுறதுக்குள்ள நீங்க நீந்திதான் வந்திருக்கணும்.”

விழுப்பரையர் கடற்காகம் பறந்து சென்ற திசையைப் பார்த்தார்.

“தொகை என்ன?” என்று அரசர் கேட்டார்.

“நாற்பது பொன். இன்று இத்துறையில் இதே வயதுள்ள படகு ஒன்றை அந்த விலைக்கு வாங்கலாம்.”

“முப்பத்தெட்டுக்கே நான் பேசி முடிப்பேன்” என்றார் சாத்துவனார்.

“பலகைக்கு அது போதும். கரிவடுவுக்கு?” என்றார் அரசர்.

“அதற்குச் சாத்துவனார் ஓலை எழுத மாட்டார், வேந்தே. ஆண்டுதோறும் படகு காயுமுன் தாங்களே அதில் ஏறிச் செல்ல வேண்டும். அந்தக் கட்டணத்தைத்தான் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாங்கள் செலுத்தவில்லை.”

அரசர் தலைகுனிந்தார், பிறகு மெல்லப் புன்னகைத்தார். “விழுப்பரையரே, இது பத்தாயிரம் பொன் படகு அல்லவா? உள்ளே தேங்கிய நீரைப் பிறர் இறைப்பது என் தந்தைக்கு இழுக்கு. உம் கையாலேயே இறையும். நல்லாண்டா, உன் தந்தையின் சுக்கான் இனி உன்னுடையது.”

நீர் வடிந்தது. ஓலை எழுதப்பட்டது. படகு முகத்துவாரத்தைத் தாண்டியது. ஒரு சொட்டும் உள்ளே கசியவில்லை. முன்பலகையில் அரசர் தம் கையாலேயே அடுப்பு மூட்டினார். பழைய கதைகளைப் பேசிக்கொண்டே வந்ததில் மீன் கருகியது. பழைய வடுவுக்குப் பக்கத்தில் புதியதொரு வடு விழுந்தது.

“காப்புத் தொகையை உயர்த்தலாமா?” என்றார் அரசர்.

சுக்கானை விடாமல் ஒரு துண்டை வாயிலிட்டு மென்றான் நல்லாண்டான். “குறைக்க வேண்டும், வேந்தே. சமையல் அப்படி.”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பொழுது உச்சி சாய்ந்து, பகல் சரியாகப் பதினேழு நாழிகை.