வெரானியஸின் உச்சிக் குழாய்

சிறியவர்களும் கேளுங்கள், பெரியவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் கேளுங்கள். ரோமானியர் ஆண்ட காலத்தில், கடலோர நகரம் ஒன்றில் வெரானியஸ் என்றொரு சீமான் இருந்தான். ஊர்வலத்தில் முன்னால் நடக்க வேண்டும், விருந்தில் முதலில் பேச வேண்டும், எங்கேயும் எல்லோருக்கும் மேலே இருக்க வேண்டும் அவனுக்கு.

மலையிலிருந்து கல் வாய்க்கால் வழியே வந்த தண்ணீர் ஊர் எல்லையில் பெரிய தொட்டி ஒன்றில் விழுந்தது. தெருவுக்கு ஒன்று, குளியல் கூடத்துக்கு ஒன்று, வெரானியஸின் மாளிகைக்கு ஒன்று என்று தொட்டிச் சுவரில் மூன்று குழாய்கள் பதிக்க வேண்டியிருந்தது. பதிக்க வந்தவன் நிகோன் என்ற பொறியாளன்.

"என் குழாய்தான் உச்சியில் இருக்க வேண்டும்" என்றான் வெரானியஸ்.

"ஐயா, தண்ணீர் குறைந்தால்..."

"மீன்காரி குடிக்கும் குழாய்க்குக் கீழேயா என் குழாய்?"

மூன்று முறை நிகோன் சொல்ல வாயெடுத்தான். மூன்று முறையும் சீமான் அவன் வாயை அடைத்தான். சரி, உங்கள் விருப்பம் என்று நிகோன் தெருக் குழாயை அடியிலும், குளியல் கூடத்துக் குழாயை நடுவிலும், சீமானுடையதை உச்சியிலும் பதித்தான்.

இரண்டு ஆண்டுகள் மாளிகை நீரூற்று ஆளுயரம் எழும்பியது. மூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது. அந்த ஆண்டுதானா மாகாண ஆளுநர் அவன் மாளிகைக்கு விருந்துக்கு வர வேண்டும்! நகரத் தலைவர் பதவியை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கப் போகிறவர் அவர். வெரானியஸுக்கு அந்தப் பதவி மேல் உயிர்.

தொட்டியில் ஒரு சாண் நீர் இறங்கியது. சீமானின் ஊற்று நின்றது. மேலும் இரண்டு சாண் இறங்கியது. குளியல் கூடம் மூடிக் கிடந்தது. தெருக் குழாய் மட்டும் நிற்காமல் கொட்டியது.

"என் குழாயைக் கீழே இறக்கு!" என்று ஓடிவந்தான் வெரானியஸ்.

"இறக்கலாம் ஐயா. ஆனால் தண்ணீர் இன்னும் இறங்குகிறது; மீன்காரியின் குழாய்க்கும் கீழே வைத்தால்தான் உங்கள் ஊற்று நிற்காது. ஊரே பார்க்கும்."

வெரானியஸ் வந்த வழியே வீடு திரும்பினான். எனக்கே அவனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆளுநர் வந்தார். கை கழுவத் தண்ணீர் இல்லை. அவரே தெருவுக்கு நடந்து, குழாயடியில் கை கழுவினார். "இந்த வறட்சியிலும் ஏழைகளுக்குத் தண்ணீர்! யார் செய்த ஏற்பாடு?"

குழாயடியில் நின்ற நிகோன் பணிவாகச் சொன்னான்: "வெரானியஸ் ஐயாதான். தன் குழாயை உச்சியில் வைக்கச் சொன்னவர் அவரே."

ஆளுநருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னாலேயே ஓடிவந்த வெரானியஸை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஊருக்காக உன் வீட்டையே காயப்போட்டாயே! உன்னைப் போன்ற தியாகிக்குப் பதவி ஆசை ஏது? பதவி கொடுத்து உன்னை அவமதிக்க மாட்டேன்." பதவி வேறொருவனுக்குப் போனது.

எல்லோருக்கும் மேலே இருக்கத் துடிப்பவனுக்கு, கடைசியில் புகழ் கிடைத்தால்கூட அது பயன்படாது என்பதே இந்தக் கதையின் நீதி.