இரண்டு டிஸ்க், ஒரு முகம்

"உன்னை யாரு அதுல கை வைக்கச் சொன்னது? முகூர்த்தத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? அந்தப் பொண்ணை வரவழைச்சு இன்னொரு தரம் தாலி கட்டச் சொல்லவா?"

காலையிலிருந்து அருளப்பன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவர் மனைவி பெர்னதெத்துக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

"நல்லதுக்குப் பண்ணின லட்சணத்தைப் பாரு!"

பார்த்தாள். அவர்களுடைய போட்டோ ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் கல்யாணப் படங்கள் இருந்த டிரைவைக் காணவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. இந்த டிஸ்க் புதிதுபோல் இருக்கிறது, தயார் செய்யட்டுமா என்று ரொம்பப் பணிவாகக் கேட்டது. மத்தியானம் அந்தக் கல்யாணப்பெண் வருகிறாள். படங்களை வாங்கிக்கொண்டு அப்படியே விமானம் ஏறுகிறாள்.

ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வகுப்புக்குப் போனால் இப்படித்தான். டிஸ்க்குடன் மெஷின் பேசுகிற முறையை மெஷின் கண் விழிக்கும்போதே திறக்கிற பயாஸ் திரையில் மாற்றலாம், ஏ.ஹெச்.சி.ஐ. என்ற முறை பெரும்பாலும் நல்லது என்று நேற்று டீச்சர் சொன்னாள். அந்தப் 'பெரும்பாலும்' மட்டும் பெர்னதெத் காதில் ஏறவில்லை. கடையைத் திறந்த கையோடு பயாஸுக்குள் போனாள். 'ரெய்டு' என்று இருந்ததை ஏ.ஹெச்.சி.ஐ. ஆக்கிவிட்டாள். கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷ். அந்தத் திரையில் அவளுக்கு அர்த்தம் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

பெர்னதெத் போனில் கூப்பிட்டதும் ரமீஜா டீச்சர் வந்து ஸ்கூட்டியை நிறுத்தினாள். பெர்னதெத்தைவிட இருபது வயது சின்னவள்.

"ஓகே அழுத்திட்டீங்களா அக்கா?"

"இல்ல டீச்சர். விரல் அதுவரைக்கும் போயிடுச்சு."

"நான்தான் அழுத்தச் சொன்னேன்," என்றார் அருளப்பன். "மரியாதையா கேட்குதுல்ல, ஆமான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"டீச்சர், படத்துக்குன்னே உள்ளே ரெண்டு டிஸ்க் இருக்கு," என்றாள் பெர்னதெத். "இந்தப் படம் எதுல இருக்கு? அதை மட்டும் கழட்டி எடுத்துக்கலாம்ல?"

டீச்சர் மேஜைப் பக்கம் திரும்பினாள். மேஜையில் ஒரு பெரிய பிரிண்ட் கிடந்தது. கலர் சரியாக விழுகிறதா என்று பார்க்க அருளப்பன் எடுத்த அவருடைய முகம்.

"இது வேணுமா அண்ணே?"

"வேஸ்ட்டுதான்."

டீச்சர் அதைக் கட்டரில் வைத்து மெல்லிய கீற்றுகளாக நறுக்கினாள். அப்புறம் சீட்டுப் போடுகிற மாதிரி அருளப்பனுக்கு ஒன்று, பெர்னதெத்துக்கு ஒன்று என்று கீற்று தீரும்வரை போட்டாள்.

"ரெய்டுன்னு உங்க மெஷின்ல ரெண்டு டிஸ்க்கையும் கட்டி வச்சிருக்கிறது இப்படித்தான். உங்க கையில என்ன படம் அண்ணே?"

"என்ன படம்? கோடு கோடா இருக்கு. குப்பை." காலால் கூடையை இழுத்தார். "போட்டுடட்டுமா?"

"போடுங்க. உங்க முகம்தானே."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"என்கிட்டயும் ஒண்ணும் இல்ல டீச்சர்," என்றாள் பெர்னதெத். "மீசை மாதிரி ஏதோ ஒரு கோடு."

சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தாள். தயார் செய்யட்டுமா, தயார் செய்யட்டுமா. ஆமாம் என்றால் டிஸ்க்கில் இருக்கிற கோடுகளையும் கூடையில் போட்டுவிடும். வேண்டாம் என்று அழுத்தினாள். மெஷினை அணைத்துப் போட்டு மறுபடி பயாஸுக்குள் போனாள். ஏ.ஹெச்.சி.ஐ.யை எடுத்துவிட்டு ரெய்டு என்று வைத்தாள்.

திரை கறுத்தது. கறுத்தபடியே நின்றது.

போன் அடித்தது. "அந்தப் பொண்ணாத்தான் இருக்கும்," என்றார் அருளப்பன். எடுக்கவில்லை. பெர்னதெத் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த ஜெபம் பாதியில் மறந்துபோனது.

மெஷின் வந்தது. டிரைவும் வந்தது. திறந்தால், குனிந்த தலை, தாலி முடிச்சு, பின்னால் யாரோ ஒரு சித்தப்பா கொட்டாவி விட்டுக்கொண்டு.

பெர்னதெத் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"படம் வந்துட்டா பண்ணினது சரின்னு ஆயிடுமா?" என்றார் அருளப்பன்.

அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். "நான் கேட்டதுக்கு நீங்க கடைசிவரைக்கும் சொல்லலையே. படம் எந்த டிஸ்க்ல இருந்துச்சு?"

ரமீஜா ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அண்ணன் மூக்கு யார் கையில இருக்கு அக்கா?"

வெளியே ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பெர்னதெத் தன் கையிலிருந்த கீற்றுகளைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். அவர் தன் பங்கைக் கசங்கக் கசங்கப் பிடித்திருந்தார்.

"என்னங்க, அதையும் இப்படிக் குடுங்க. சேர்த்து ஒட்டிப் பார்க்கிறேன்."

அருளப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்களேன்."