ஆள்காட்டிக் குருவியின் மேல்முறையீடு

ஒரு காட்டில் அரசாங்க உத்தியோகம் பார்த்த குருவி ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் குழந்தைகளே. காட்டிலும் அரசாங்கம் உண்டு, உத்தியோகம் உண்டு, உத்தியோகத்தில் வரும் வயிற்றெரிச்சலும் உண்டு.

அது ஓர் ஆள்காட்டிக் குருவி. சிங்க ராஜாவின் ஏரிக்காவல் படையில் அதற்கு வேலை. முதலை தலைதூக்கினால் தொண்டை கிழியக் கத்தி எல்லாரையும் எச்சரிக்க வேண்டும். மான் வந்து தண்ணீர் குடிக்கும், முயல் வந்து குடிக்கும், ஆள்காட்டி மட்டும் கரையில் இங்குமங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பிறவி. அந்த ஓட்டத்தால்தான் பல உயிர்கள் தப்பின.

ஒரு நாள் தலைக்காவலர் பதவி காலியானது. படையில் மூத்தது ஆள்காட்டிதான். பதவி தனக்கே என்று அது நம்பியிருந்தது. மந்திரி இருவாச்சிப் பறவையோ, நேற்று வந்து சேர்ந்த மீன்கொத்தியைத் தலைக்காவலர் ஆக்கிவிட்டது. மீன்கொத்திக்குக் கண் எப்போதும் மீன் மேல்தான். முதலை வந்து அதன் வாலைத் தொட்டால்கூடத் தெரியாது. இந்த லட்சணத்தில் அது காவல்.

அதுகூடப் பரவாயில்லை. “தரையில் கிடக்கிற பறவைக்கெல்லாம் தலைமைப் பதவியா?” என்று இருவாச்சி சொல்லிச் சிரித்ததாம். அந்தப் பேச்சு ஆள்காட்டியின் காதுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு நெஞ்சு கொதித்தது. மரப்பறவை, தரைப்பறவை என்று பேதம் பார்த்துத் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று புகார் கொடுத்தது.

புகாரை விசாரித்தது யார் தெரியுமா? அதே இருவாச்சிதான். அந்தக் காட்டின் நடைமுறை அப்படி.

இருவாச்சி உயர்ந்த மரத்தைவிட்டு இறங்கியதே இல்லை. பழத்திலேயே ஈரம் கிடைத்துவிடுவதால், தண்ணீர் குடிக்கக்கூட அது ஏரிப் பக்கம் வராது. விசாரணை நாளன்று அது உச்சிக் கிளையில் உட்கார்ந்துகொண்டது. ஆள்காட்டி கீழே தரையில் நின்று தன் குறையைச் சொன்னது. துணைக்கு அதன் சிநேகிதி மைனா வந்திருந்தது.

இருவாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “புகார் தள்ளுபடி” என்றது.

அவ்வளவுதான். ஆள்காட்டிக்குக் காது அடைத்துப் போயிற்று. மேலே இருவாச்சி இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. இது அழுதுகொண்டே பறந்துவிட்டது.

மீன்கொத்தி சும்மா இருக்குமா? மறுநாளே ஆள்காட்டியைக் கூப்பிட்டு, அமாவாசை கழிந்ததும் கள்ளிமேட்டுக்குக் காவலுக்குப் போகச் சொல்லி மாற்றல் உத்தரவு போட்டது. கள்ளிமேட்டில் தண்ணீரே கிடையாது. முதலைக்கு எங்கே போவது? வேண்டுமென்றே செய்த காரியம் அது.

ஆனால் குழந்தைகளே, ஏரிக்கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே ஆள்காட்டியின் முட்டைகள் கிடந்தன. இன்னும் பொரிக்கவில்லை. தூக்கிக்கொண்டு போக முடியாது. விட்டுவிட்டுப் போனால் காக்கைக்கு விருந்து. தாய்க்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. சிங்க ராஜாவிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் அமாவாசைதான் கெடு.

ஆள்காட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முட்டை மேல் உட்காரும், எழுந்திருக்கும், நாலு எட்டு ஓடும், திரும்ப வந்து உட்காரும். காலையில் வானத்தில் வெளுத்துக் கிடக்கும் நிலாவைப் பார்க்கும். நேற்றைவிட மெலிந்திருக்கும். திரும்பவும் எழுந்து ஓடும்.

ராஜாவிடம் என்ன சொல்வது? எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அது நினைத்தது. மீன்கொத்தி முறைத்தது, இருவாச்சி சிரித்தது, மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, ஒன்றுவிடாமல் சொல்லி அழ வேண்டும். சொல்லிப் பார்த்தது. பாதியிலேயே கோபம் முட்டிக்கொண்டு வந்தது, எங்கே விட்டோம் என்று மறந்துபோயிற்று. முதலிலிருந்து ஆரம்பித்தது.

கேட்டுக் கேட்டு மைனாவுக்கு அலுத்துவிட்டது. “இதையெல்லாம்தான் அக்கா அன்றைக்கே இருவாச்சியிடம் சொன்னாய். அதற்குத்தான் அது அவ்வளவு நீளமாகப் பதில் சொன்னதே” என்றது.

ஆள்காட்டி ஓட்டத்தை நிறுத்தியது. “என்ன பதில்? தள்ளுபடி என்றுதானே சொன்னது?”

“அதற்குப் பிறகும் சொன்னது. நீதான் போய்விட்டாயே.”

மைனாவின் சுபாவம் உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிடும். அர்த்தம் என்ன என்று மட்டும் யோசிக்காது. இப்போது அது கழுத்தை நீட்டி, தொண்டையைக் கனைத்து, இருவாச்சியின் குரலிலேயே பேசியது.

“புகார் தள்ளுபடி. தரைப்பறவை என்பதற்காக யாரையும் ஒதுக்கவில்லை. தலைக்காவலர் என்றால் ஏரிக்கரை மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும் என்பது விதி. ஆள்காட்டியின் கால் கிளையைப் பற்றாது. மீன்கொத்தியின் கால் பற்றும். காரணம் இது ஒன்றே.”

ஆள்காட்டி தன் காலைப் பார்த்தது. உண்மைதான், அந்தக் காலால் கிளையைப் பிடிக்க முடியாது. பிறகு திரும்பி ஏரிக்கரையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது. பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் அது ஓரிடத்தில் நின்றதில்லை.

“மைனா, காரணம் இது ஒன்றேதானா? வேறு எதுவும் சொல்லவில்லையே?”

“காரணம் இது ஒன்றே” என்று மைனா மறுபடியும் இருவாச்சிக் குரலில் சொன்னது.

நிலா நகக்கீற்றுப் போல ஆகிவிட்ட அன்று ஆள்காட்டி ராஜாவின் குகைக்கு ஓடியது. மைனாவும் கூடவே போனது. அங்கே இருவாச்சியும் மீன்கொத்தியும் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தன. இது அழப்போகிறது, ராஜாவுக்கு எரிச்சல் வரும், விஷயம் முடிந்துவிடும் என்று அவை கணக்குப் போட்டிருந்தன.

ராஜாவும் தூக்கக் கலக்கத்தில்தான் இருந்தது. காலை மாற்றி மாற்றி வைத்துத் தவித்த ஆள்காட்டியைப் பார்த்து, எதுவானாலும் சுருக்கமாகச் சொல்லச் சொன்னது.

ஆள்காட்டிக்குத் தொண்டை வரை அழுகை வந்தது. முறைத்ததும் சிரித்ததும் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. விழுங்கிக்கொண்டது.

“ராஜா, என் கால் கிளையைப் பற்றாது என்பது மெய்தான். மீன்கொத்தி அந்த மருதமரக் கிளையில் உட்கார்ந்து காவல் காப்பதைத் தாங்கள் ஒரு தடவை வந்து பார்த்தால் போதும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.”

மீன்கொத்திக்கு முகம் வெளுத்தது. இருவாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. இதற்காகவா ராஜா அவ்வளவு தூரம் நடப்பது, தான்தான் முறைப்படி விசாரித்து முடித்தாயிற்றே என்று குழைந்து குழைந்து பேசியது.

“முறைப்படி விசாரித்தீரா? அப்படியானால் நீரும் வாரும். கிளையை நீரே காட்டலாம்” என்று ராஜா எழுந்துவிட்டது.

எல்லாரும் ஏரிக்குப் போனார்கள். மீன்கொத்தி பழக்க தோஷத்தில் பறந்து போய், தண்ணீரோரம் இருந்த பாறை மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் அதற்கு உறைத்தது. எழுந்து பறக்கவும் முடியவில்லை, ராஜா பார்த்துவிட்டது.

ராஜா கரையைச் சுற்றிப் பார்த்தது. “மருதமரம் எங்கே?”

இருவாச்சி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. மரத்தைக் காணோம். சேற்றில் ஒரு பெரிய அடிமரம் மல்லாந்து கிடந்தது. மேலெல்லாம் காளான் முளைத்திருந்தது. மரம் போன மழைக்காற்றிலேயே சாய்ந்துவிட்டது. ஏரிக்கு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும், வராதவருக்குத்தான் தெரியாது.

“மீன்கொத்தி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது?” என்று கேட்டது ராஜா.

“பாறை மேல்” என்று இருவாச்சி முனகியது.

ராஜா ஆள்காட்டியைப் பார்த்தது. ஆள்காட்டி ஒரே தாவில் பாறை மேல் ஏறி மீன்கொத்தியின் பக்கத்தில் நின்றது.

இருவாச்சி விடுவதாக இல்லை. விதி விதிதான், உடனே புது மருதங்கன்று நட்டுவிடலாம், அது வளர்ந்து கிளை விட்டதும் யோசிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தது. கன்று வளரும்வரை முதலை காத்துக்கொண்டிருக்குமா என்று ராஜா கேட்டது.

ராஜா பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு உரக்கச் சொன்னது: “தள்ளுபடி.”

ஐயோ, திரும்பவும் அதே வார்த்தை. ஆள்காட்டிக்கு இறக்கை தானாக விரிந்தது. பறந்தே போயிருக்கும். ஆனால் இந்தத் தடவை அது காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு, மிச்சத்தையும் கேட்க நின்றது.

“மந்திரி இருவாச்சி சொன்ன தீர்ப்பு தள்ளுபடி. மாற்றல் உத்தரவும் தள்ளுபடி. இல்லாத கிளையைக் காட்டி, இருக்கிறவளை ஒதுக்கியிருக்கிறீர்கள். இன்று முதல் ஆள்காட்டிதான் தலைக்காவலர்.”

ஆள்காட்டி கடைசி வார்த்தை வரை கேட்டது. கேட்டு முடித்ததும் பாறையை விட்டுக் குதித்து, தன் முட்டைகளைப் பார்க்க ஓடியது.

நீதி: மறுத்துவிட்டார்கள் என்று மனம் உடைந்து திரும்பாதே. மறுத்ததற்குச் சொன்ன காரணத்தைக் கடைசி வரை கேட்டு, அது நிற்கிறதா விழுந்து கிடக்கிறதா என்று போய்ப் பார்.