தாய்மாமன் தன் கையால் அரித்த தங்கம்

விருதுநகர்ப் பக்கம் சுரைக்காய்ப்பட்டியிலிருந்து மூன்று பேர் கனடாவின் வடகோடிக்கு மீன் ஆலை வேலைக்குப் போனார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளைதான் இருந்தது என்றும், எடை கூடிவிட்டதென்று அதையும் ஏர்போர்ட்டில் இறக்கி வைத்துவிட்டார்கள் என்றும் ஊரில் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் உலகத்தில் குறைவு, இவர்கள் அந்த ரகம்.

மூத்தவர் மூக்கையா, இருபது வருஷம் கல்யாண வீடுகளில் சமையல் மாஸ்டராக இருந்தவர். இளையவன் செல்லப்பாண்டிக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். நடுவில் தவசிலிங்கம். நம் கதை இவரால்தான் வந்தது.

அந்த ஊர் ஆற்றில் லீவு நாட்களில் ஜனங்கள் பொழுதுபோக்காகத் தங்கம் அரிப்பார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்றே தவசி தன் தங்கச்சி செவந்திக்குப் போன் போட்டார். அவள் மகள் கனிஷ்காவுக்கு ஆவணியில் காதுகுத்து. தாய்மாமன் என் கையால் அரித்த தங்கத்தில்தான் பிள்ளைக்குத் தோடு என்று வாக்குக் கொடுத்துவிட்டார். செவந்தி புருஷனிடம் சொன்னாள். புருஷன் அச்சாபீசில் சொன்னார். தவசி ஆற்றைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, "தாய்மாமன் தன் கையால் அரித்த தங்கத்தில் தோடு அணிவிக்கும் விழா" என்று பத்திரிகை அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது.

போனில் அந்தப் பத்திரிகையைப் பார்த்த தவசிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தோடு இல்லாமல் போய் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தங்கச்சி தலைகுனிய வேண்டும்.

எதிர்வீட்டில் இங்ரிட் என்று ஓர் அம்மாள். வயது அறுபதைத் தொடும், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், தங்கம் அரிப்பதில் கெட்டிக்காரர். மூவரும் கேட்டதும் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தார். அனுமதிச் சீட்டு எப்போதும் கையில் இருக்க வேண்டும். பெரிய கல்லுக்குப் பின்னால் தோண்ட வேண்டும். பொன் கிடைத்தால் யாருக்கும் சொல்லக் கூடாது. பிறகு ஒரு தட்டில் மண்ணும் தண்ணீரும் எடுத்து, சுழற்றிச் சாய்த்துக் காட்டத் தொடங்கினார். பாதியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

அந்தப் பாதியே மூக்கையாவுக்குப் போதுமாக இருந்தது.

"இது நம்ம அரிசி அரிக்கிற வேலைதாம்ப்பா," என்றார். "நான் மூட்டை மூட்டையா அரிச்சவன்."

மறுநாள் ஆற்றுக்குப் போனார்கள். சீட்டு கையில் இருக்க வேண்டும் என்பதால் ஆளுக்கு ஒரு கையில் சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் ஆளுக்கு ஒரு கைதான். தட்டை மூக்கையா ஒரு பக்கமும் தவசி ஒரு பக்கமும் பிடிக்க, செல்லப்பாண்டி ஒற்றைக் கையால் மண் அள்ளினான். அதற்கு முன்னால் பெரிய கல் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் பின்பக்கம் எது என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

"கல்லுக்கு முகம் எதுன்னு தெரிஞ்சாத்தானே முதுகு தெரியும்," என்றார் தவசி.

"நம்ம ஊர்ல கல்லுன்னா கிழக்க பாத்துத்தான் இருக்கும்," என்றார் மூக்கையா.

"இது வெளிநாட்டுக் கல்லுண்ணே," என்றான் செல்லப்பாண்டி. "எங்கிட்டுப் பாக்குமோ."

கடைசியில் கல்லைச் சுற்றி நாலு பக்கமும் தோண்டினார்கள். அதனால் கெடுதல் ஒன்றும் வரவில்லை.

கெடுதல் வந்தது மூக்கையாவின் கைப்பக்குவத்தால். அரிசி அரிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? தண்ணீரில் அலசி அலசி, மேலே மிதந்து வருகிற அரிசியை இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்ப்பார்கள். கனமான கல் அடியில் நிற்கும், அதைத் தூர எறிவார்கள். மூக்கையாவும் அப்படியே செய்தார். மேலே வந்த லேசான மணலை ஒரு பொட்டுச் சிந்தாமல் சாக்கில் சேர்த்தார். அடியில் நின்ற கறுப்பு மண்ணையும் பொடிக்கல்லையும் வாளியில் தட்டினார். அந்த மாதிரி சுத்தமாக அரிக்க எவனாலும் முடியாது, அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாளியில் சேர்ந்ததை வீணாக்கவும் மனம் வரவில்லை. இங்ரிட் வீட்டு வாசலில் ஒரு பள்ளம் இருந்தது, தினமும் பஸ் டயர் அதில் இறங்கி ஏறும். சொல்லிக்கொடுத்த மகராசிக்கு நம்மால் ஆன உபகாரம் என்று தினமும் சாயங்காலம் வாளியை அந்தப் பள்ளத்தில் கொட்டி மிதித்துவிட்டு வந்தார்கள்.

ஒரு மாதத்தில் வீடு நிறைய மணல் சேர்ந்தது. குளியல் தொட்டியிலும் மணல், கட்டிலுக்கு அடியிலும் மணல். தவசி தினமும் டார்ச் அடித்துப் பார்த்தார், பொன் தெரியவில்லை. புது மணல், நாலு நாள் காய்ந்தால் நிறம் வரும் என்று மூக்கையா தைரியம் சொன்னார். பாயில் பரப்பிக் காய வைத்தார்கள். ஆவணி நெருங்க நெருங்க தவசி இளைத்துக்கொண்டே போனார்.

கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் விட்ட அன்று, பஸ் குலுங்காமல் போவதை இங்ரிட் கவனித்தார். இறங்கிப் பார்த்தார். பள்ளத்தில் இருந்ததை ஒரு தட்டு அள்ளி அரித்தார். அப்புறம் மூவரையும் கூப்பிட்டார். தட்டின் அடியில் மஞ்சளாகப் பொடி மின்னியது.

செல்லப்பாண்டி மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"இதை நான் முத நாளே பாத்தேன்," என்றான்.

"ஏன்டா சொல்லல?" என்றார் தவசி.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அக்கா சொன்னாகளேண்ணே. உங்களுக்கும் சேத்தா சொன்னாகன்னு கேக்கலாம்னு இருந்தேன், பஸ் போயிருச்சு."

இனி நீங்கள் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் முழுக்க இங்ரிட்டே அந்தப் பள்ளத்தை அரித்தார். பிள்ளைக்கு இரண்டு சின்னத் தோட்டுக்குக் காணும் அளவு பொன் சேர்ந்தது. ஒரு குப்பியில் போட்டு, எல்லாம் உங்களுடையதுதான் என்று தவசியிடம் நீட்டினார். தவசி குப்பியைப் பார்த்து அழுதேவிட்டார். ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மூவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"தாய்மாமன் தன் கையால அரிச்ச தங்கம்னு பத்திரிகையில போட்டாச்சு," என்றார் தவசி. "அரிச்சது அக்கா கை. பொய் சொல்லிப் பிள்ளை காதுல போட மாட்டேன்."

"பத்திரிகையை மாத்த முடியுமா?" என்றான் செல்லப்பாண்டி.

"ஊர் முழுக்கக் குடுத்தாச்சே, எப்படிடா மாத்துறது," என்றார் மூக்கையா. வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தாய்மாமனை மாத்திரலாம்."

தவசிக்கு அப்போதுதான் நிம்மதியாக மூச்சு வந்தது.

இங்ரிட்டுக்கு லீவு. கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார். ஆவணியில் குலசாமி கோயில் வாசலில் பட்டு வேட்டியும் தலைப்பாகையும் கட்டி, சீர்த்தட்டு முன்னால் போக, மேளத்தோடு வந்து இறங்கினார். பத்திரிகையில் ஒரு எழுத்து பொய்யில்லை என்று தவசி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். செவந்திக்கு முதலில் தலை சுற்றியது. பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள், பிள்ளையைக் கொண்டுபோய் இங்ரிட் மடியில் உட்கார வைத்தாள். ஆசாரி காது குத்தும்போது கனிஷ்கா அழவில்லை. அவளுக்கும் சேர்த்துத் தவசி அழுதார். பூப்போல இரண்டு தோடுகள், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன.

விருந்து முடிந்து வெளியே வந்த இங்ரிட், பந்தலுக்கு முன்னால் இருந்த பிளக்ஸ் பேனரைப் பார்த்து நின்றுவிட்டார். செவந்தி புருஷன் கொடுத்த இங்ரிட்டின் போட்டோவை வைத்து பிளக்ஸ் கடைக்காரர் வழக்கமாகத் தாய்மாமன்களுக்குச் செய்வதைச் செய்திருந்தார். முறுக்கு மீசை, கூலிங் கிளாஸ், பக்கத்தில் ஒரு சிங்கம்.

இங்ரிட் கண் கலங்கி என்னவோ சொன்னார். செல்லப்பாண்டி மொழிபெயர்த்தான்.

"செத்துப்போன இவுக அப்பா மாதிரியே இருக்காராம். இந்த ஆள் ஊருக்குள்ள இருந்தா, ஒரு தடவை நேர்ல பாக்கணும்கிறாக."

இவ்வளவு செய்தவர் கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? மூவரும் அப்போதே கிளம்பினார்கள். தவசி தெற்குத் தெருவுக்குப் போனார், மூக்கையா பஸ் ஸ்டாண்டுக்கு, செல்லப்பாண்டி டீக்கடைப் பக்கம். காலையில் கோயிலில் பார்த்தோமே, அப்போது மீசையை எடுத்திருந்தாரே என்று நாலைந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆள் வெளியூர் போய்விடவில்லை என்பது வரை உறுதியாகிவிட்டதாம், பொழுது சாய்வதற்குள் பிடித்துவிடுவார்கள்.