குடில் பாக்கப் போன பாட்டா

எங்க பெரியத்தை ஒண்ணு சொல்லுவா மக்ளே. கிறிஸ்மஸ் வெளிச்சத்தை நடந்து போய்த்தான் பாக்கணும், வண்டியில போனா வெளிச்சம்... அதுக்கப்புறம் என்னமோ வரும், மறந்துட்டு. போவட்டும். இந்தக் கதையில எல்லாரும் நடந்துதான் போறாங்க.

ரெண்டு கொளத்துக்கு நடுவுல ஒரு ஊரு. அந்த ஊர்ல நேசையன்னு ஒரு பாட்டா. அவருக்கு ரெண்டு பேத்தி. மூத்தவ பெபிலா, இளையவ ஆன்சி. ஆன்சிக்கு உன் வயசுதான். ம் சொல்லு. ஆங்.

கிறிஸ்மஸ் வந்தா அந்தப் பக்கத்துல தெருவுக்குத் தெரு குடில் கட்டுவாங்க. வைக்கோல் கூரை, உள்ள குழந்தை ஏசு, சுத்தி ஆட்டுக்குட்டி, மேல நட்சத்திர விளக்கு. ஒரு தெரு மலையே கட்டும், அடுத்த தெரு மலையும் கட்டி அதுல அருவியும் விடும். பொழுது சாஞ்சதும் ஊரே கெளம்பி குடில் பாக்கப் போவும். பேத்திகளைக் கூட்டிட்டுப் போறது பாட்டாவோட உரிமை. அதுல வேற யாரும் பங்கு கேக்க முடியாது.

அந்த வருஷம் மருமக சுஜா வாசலை மறிச்சுகிட்டு நின்னா. உங்க கண்ணுல புரை வெளஞ்சு கெடக்கு, டாக்டர் எடுக்கணும்னு சொல்லி ஓணம் போயி கிறிஸ்மஸ் வந்தாச்சு, இந்தக் கண்ணை நம்பி பிள்ளைங்கள எப்படி விடுறதுன்னு கேட்டா. பாட்டா சட்டைப் பொத்தானைப் போட்டுகிட்டே, பிள்ளைங்க கையைத்தான பிடிக்கப்போறேன், ஊசியிலயா நூல் கோக்கப்போறேன்னாரு. சுஜாவுக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சா விட்டுத்தான ஆவணும். ஆனா மெதுவா ஒண்ணு சொன்னா.

"மாமா, இன்னைக்கு நீங்க நல்லபடியா கூட்டிட்டு வந்துட்டா, இனிமே நான் கண்ணைப் பத்திப் பேசவே மாட்டேன்."

அப்புறம் மூணு பேரும் நடந்தாங்க. சரக் சரக், சரக் சரக். முதல்ல கோயில் கோபுரம். உச்சியில ஒரு நட்சத்திரம். பேத்திகளுக்கு ஒத்த நட்சத்திரந்தான் தெரிஞ்சுது. பாட்டாவுக்கோ, அதைச் சுத்தி ஒரு வளையம், அந்த வளையத்தைச் சுத்தி இன்னொண்ணு, மஞ்சளும் நீலமுமா வானம் பூரா விரிஞ்சுகிட்டே போவுது. அதைச் சொன்னாரு. ரெண்டு பேரும் கண்ணை இடுக்கிப் பாத்தாங்க, தலையைச் சாச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் விரியல. பாட்டாவுக்குக் கொஞ்சம் கர்வமாத்தான் இருந்துச்சு. ம்?

அப்புறம் கொளத்தங்கரை. தென்னைக்குத் தென்னை சீரியல் லைட்டு, மினுக் மினுக், மினுக் மினுக். பேத்திகளுக்குத் தண்ணியில சின்னச் சின்னப் புள்ளியா ஆடுது. பாட்டாவுக்குத் தண்ணியே இல்ல, பொன்னை உருக்கி ஊத்துன தரைதான். அப்படியே அதுமேல நடந்து அக்கரைக்குப் போயிரலாம். இந்தப் புரையைப் போயா எடுக்கச் சொல்றாவன்னு நெனைச்சுகிட்டாரு.

மூணாவது, தெக்குத் தெருக் குடில். அடேயப்பா, என்ன கூட்டம். அன்னைக்குச் சாயங்காலம் கோயில்ல பாட்டுப் பாடுன பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் உடுப்பு மாத்தாம வந்திருந்தாங்க. ஒரே துணியில தச்ச வெள்ளைக் கவுன், முதுகுல ஜிகினா ஒட்டுன அட்டைச் சிறகு. ஆன்சியும் அப்படித்தான். பெபிலா அருவியைப் பாக்க முண்டியடிச்சு முன்னால போயிட்டா. அப்போ கூட்டம் ஒரு தள்ளு தள்ளிச்சு. ஆன்சி கை நழுவிச்சு. பாட்டா டக்குனு வெள்ளைக் கவுன் பக்கம் கையை நீட்டிப் பிடிச்சுகிட்டாரு.

அப்புறம் நடந்தாரு, சொல்லிகிட்டே நடந்தாரு. இதெல்லாம் பல்பு இல்ல, பூவு. காத்தடிச்சா இதழ் பறந்து வந்து உன் சிறகுல ஒட்டிக்கும். "ம்," ன்னா பிள்ளை. அது மலை இல்ல, யானை. வெளிச்சத்தைப் போத்திகிட்டுத் தூங்குது. "ம்."

தெரு முடியப் போற எடத்துல பெபிலா ஓடி வந்தா. ஆன்சி எங்கன்னு கேட்டா. இந்தா நிக்கிறாள்லான்னாரு.

"பாட்டா, இது தையக்கார வீட்டுப் பிள்ளை."

பாட்டா குனிஞ்சு, மூக்கோட மூக்கு முட்டுற மாதிரி கிட்டப் போய்ப் பாத்தாரு. வேற மூக்கு. நீ ஏம்மா என்கூட வந்தன்னு கேட்டாரு. நீங்க கதை சொன்னீங்கல்லா, அதான்னா அவ.

திக்குனு ஆயிட்டு பாட்டாவுக்கு. அந்தப் பிள்ளையைக் கடலை வண்டிக்கிட்ட நின்ன அவ அம்மாகிட்ட விட்டுட்டு, வந்த வழியே ஓடினாரு. இப்போ வளையமெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிகிட்டு ஒரு முகத்தையும் காட்ட மாட்டேங்குது. வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுது, ஓடினாரு. யாரோ ஒருத்தர் வேட்டி. இன்னொரு வெள்ளை. அது மணல் மூட்டை. மூணாவது வெள்ளை குடிலுக்குள்ள, ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவுல. பொம்மைன்னு நெனைச்சு திரும்பப் பாத்தாரு. பொம்மை பேசிச்சு.

"பாட்டா, நான் கையாட்டினேன். நீங்க என்னைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிட்டீங்க."

அவ அழக்கூட இல்ல. ஒரு ஆட்டுக்குட்டிக் காதைப் பிடிச்சுகிட்டு நின்னா, அவ்வளவுதான். பாட்டா அவளைத் தூக்கித் தோள்ல போட்டுகிட்டாரு. பின்னாலயே ஓடி வந்த பெபிலாவை மறு கையால பிடிச்சுகிட்டாரு. சரக் சரக், சரக் சரக். வழியெல்லாம் அதே வெளிச்சம், அதே வளையம். பாட்டா அண்ணாந்தே பாக்காம நடந்தாரு.

வீட்டு வாசல்ல சுஜா காத்துகிட்டு நின்னா. ஆன்சி நல்லாத் தூங்கிட்டா. எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு சுஜா கேட்டா. பெபிலா பாட்டா முகத்தைப் பாத்தா, அப்புறம், நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொன்னா. சுஜா, சரி மாமா, நான் சொன்ன மாதிரி இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்னா.

பாட்டா ஆன்சியை அவ கையில குடுத்தாரு. தெக்குத் தெருவுல நடந்ததை நடந்தபடி சொன்னாரு. பண்டிகை கழிஞ்ச மறுநாள் கண்ணாசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, ரெண்டு கண்ணையும் சரிபண்ணிருவோம்னாரு.

கதை இங்கயே படுத்துட்டு மக்ளே, நீயும் படு.